காலையில் கணக்கு

"மேடம், மேலிடத்துலேருந்து ஒருத்தர் வந்திருக்காரு. ஷூ பளபளன்னு இருக்கு."

வாட்ச்மேன் மூச்சிரைக்க வந்து சொன்னதும், தலைமையாசிரியை குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். பாலிஷ் போட்ட ஷூவோடு அந்தப் பள்ளிக்குள் வருகிறவர்கள் கல்வி அலுவலகத்துக்காரர்கள் மட்டும்தான்.

"கணக்கு டீச்சரைக் கூப்பிடு, சீக்கிரம்" என்றார்.

விஷயம் இதுதான். பள்ளியின் சுவரை ஒட்டி மரம் அறுக்கும் மில் இருக்கிறது. காலை முழுக்க அறுப்பார்கள். மத்தியானம் அறுத்ததை லாரியில் ஏற்றுவார்கள். கல்வி அலுவலகமோ எல்லாப் பள்ளிகளுக்கும் காலையில்தான் கணக்கு என்று அட்டவணை போட்டிருந்தது. காலையில்தான் மூளை சுறுசுறுப்பாக இருக்குமாம். மில் சத்தம் அலுவலகம் வரை கேட்காதது அவர்கள் செய்த புண்ணியம். இங்கே டீச்சர் தொண்டை கிழியக் கத்துவார்; பிள்ளைகள் அவர் உதட்டைப் பார்த்து ஊகித்து எழுதுவார்கள். நேரத்தை மாற்றிக்கொடுங்கள் என்று தலைமையாசிரியை எழுதாத மனு இல்லை.

போன மாதம் மேலிடத்துக்குத் திடீரென்று ஞானோதயம் வந்தது. இனி அட்டவணையைப் பள்ளிகளே சுதந்திரமாக முடிவு செய்துகொள்ளலாம் என்று ஒரு சுற்றறிக்கை. கடைசி வரியில், 'முடிவுகள் உன்னிப்பாகக் கண்காணிக்கப்படும்' என்று இருந்தது. சுற்றுவட்டாரப் பள்ளிகள் எல்லாம் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டுக் கம்மென்று இருந்துவிட்டன. இவர் ஒருவர்தான் முதல் வரியையும் படித்துத் தொலைத்தார். காலையில் ஓவியம், மத்தியானம் கணக்கு என்று மாற்றினார்.

மாற்றிய முதல் வாரத்திலேயே, வாய் திறக்காத கடைசி பெஞ்சுப் பெண் எழுந்து நின்று பின்னக் கணக்குக்கு விடை சொன்னாள். கணக்கு டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. தலைமையாசிரியைக்கும்தான்.

இப்போது ஷூ வந்துவிட்டது.

"டிராயிங் நோட்டை எல்லாம் உள்ள வைக்கச் சொல்லுங்க டீச்சர். உடனே கணக்கு நடத்துங்க."

"மேடம், நமக்குத்தான் அனுமதி இருக்கே? தைரியமா காட்டலாமே. புள்ளைங்க இப்பதான் தேறி வருதுங்க."

"அனுமதி குடுத்தவங்களேதான் நாளைக்கு ஏன் செஞ்சேன்னும் கேப்பாங்க. நான் ரிட்டயர் ஆகப்போற நேரம். போங்க."

டீச்சர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்.

வந்தவர் கும்பிட்டுக்கொண்டே உள்ளே நுழைந்து ஏதோ சொன்னார். மில் பெரிய மரம் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தது; ஒரு எழுத்துகூடக் காதில் விழவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அதில் என்ன இருக்கிறது? தலைமையாசிரியை எல்லாம் புரிந்ததாகத் தலையாட்டி, நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

சத்தம் சற்று ஓய்ந்தபோது வந்தவர் கேட்டார்: "இங்க ஏதோ புதுசா பண்ணியிருக்கீங்கன்னு கேள்விப்பட்டோம்?"

கேள்விப்பட்டோம் என்கிறாரே, அப்படியானால் அலுவலகம் பூராவும் பரவிவிட்டது என்று தலைமையாசிரியை முடிவு கட்டினார்.

"யாரோ வேண்டாதவங்க கட்டிவிட்ட கதை சார். இங்க எல்லாம் பழையபடிதான். காலையில கணக்கு. நீங்களே வந்து பாருங்க."

வகுப்பில் டீச்சர் கத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சுப் பெண் பாதி எழுந்தாள். கேள்வி சரியாகக் கேட்கவில்லை போலும், மறுபடி உட்கார்ந்துவிட்டாள். வந்தவரின் முகம் வாடியது.

நம்பவில்லை போலிருக்கிறது என்று தலைமையாசிரியை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டார். ஆளுக்கொரு அட்டவணை போட்டால் பள்ளிக்கூடம் சந்தைக்கடை ஆகிவிடும், எல்லாவற்றையும் மேலே இருக்கிறவர்கள் முடிவு செய்தால்தான் நாடு உருப்படும் என்றெல்லாம் சொன்னார். சொல்லும்போதே அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"ஒரு நாள்கூட மாத்திப் பார்க்கலையா மேடம்?"

கேட்ட குரலில் ஒரு ஏக்கம் இருந்தது. இப்படி நைசாகப் பேசித்தான் வாயைப் பிடுங்குவார்கள் என்று தலைமையாசிரியை உஷாரானார்.

"நெனச்சுக்கூடப் பார்த்ததில்ல சார்."

வந்தவர் வெளியே நடந்தார். வாசலில் நிறுத்தியிருந்த அவருடைய ஸ்கூட்டர் வரை கூடவே போய் வழியனுப்பினார் தலைமையாசிரியை. அடுத்த மரத்தை ரம்பத்தில் வைப்பதற்காக மில் ஓய்ந்திருந்தது.

"ரிப்போர்ட்ல கொஞ்சம் நல்லபடியா எழுதுங்க சார்."

அவர் விழித்தார். "ரிப்போர்ட்டா? வந்ததுமே சொன்னேனே மேடம். நான் ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஸ்கூல் ஹெச்.எம். எங்க சுவருக்குப் பின்னால தகரப் பட்டறை, காலையில ஒரே தட்டல். நீங்க துணிஞ்சு மாத்திட்டீங்கன்னு கேள்விப்பட்டு, பார்த்துட்டு வாங்க, நாமளும் மாத்திடலாம்னு எங்க டீச்சருங்க அனுப்பி வெச்சாங்க. நீங்களே பழையபடி நடத்துறப்ப எங்களுக்கு எதுக்கு வம்பு?"

தலைமையாசிரியை பதறிப்போய், ஒன்றுவிடாமல் உண்மை முழுவதையும் கொட்டிவிட்டார். ஆனால் மில் அதற்குள் அடுத்த மரத்தைக் கடிக்க ஆரம்பித்திருந்தது; ஸ்கூட்டர்காரர் அவருடைய உதட்டையே சற்று நேரம் பார்த்தார், போய் வாருங்கள் என்கிறார் என்று ஊகித்து, கும்பிட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.