பதினேழாம் நம்பர் படம்

கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைப் பார்த்ததும் செலஸ்டின் முகத்தைச் சுளித்தார். மேசைமேல் அதை வைத்துவிட்டு, வந்த ஆள் குழைந்துகொண்டு நின்றான். பேர் பேச்சிராஜா, ஊர் நாகலாபுரம் என்று அவனாகவே சொன்னான்.

"பதினேழாம் நம்பர் படம் எம் மக விஜி வரைஞ்சது சார். மொதப் பரிசு அவளுக்கே கெடைக்கிற மாதிரி நீங்கதான் பாத்துச் செய்யணும்."

கோவில்பட்டி நூலகத்தின் மாடியில் கோடை விடுமுறை ஓவியக் கண்காட்சி. படங்களுக்குக் கீழே பேர் கிடையாது, நம்பர் மட்டும்தான். எந்தப் படம் யாருடையது என்று நடுவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. நடுவர்தான் செலஸ்டின், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்.

முதல் பரிசு வெறும் கேடயம் இல்லை. ஜெயிக்கிற பிள்ளை சென்னையில் ஓவியக் கல்லூரியில் சேர்ந்து நாலு வருஷம் படிக்கலாம். படிப்பு, விடுதி எல்லாச் செலவையும் ஒரு தீப்பெட்டி ஆலை முதலாளி ஏற்றுக்கொண்டிருந்தார்.

செலஸ்டினிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் படத்துக்குச் சிபாரிசு வருகிறதோ, அந்தப் படத்தை அந்த நிமிஷமே கழித்துவிடுவார். பதினாலு வருஷமாக அப்படித்தான். சொந்த மச்சினன் மகன் படத்தையே ஒரு தடவை கழித்துவிட்டு, அந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வராமல் போனதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிற மனுஷன் அவர். அன்று காலைத் தொடக்க விழாவிலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் இதைத்தான் பேசினார்.

"காலையில மைக்ல சொன்னது உம்ம காதுல விழலையாவே?"

"விழுந்துது சார். முன் வரிசையிலதான் இருந்தேன்."

எவ்வளவு தடித்த தோல் இருந்தால் இப்படிச் சொல்ல வரும்! செலஸ்டினுக்கு உடம்பெல்லாம் கூசியது. பெற்ற பிள்ளையின் திறமையை ஒரு பொட்டலத்துக்குள் கட்டிக் கொண்டுவந்து நீட்டுகிறானே என்று அருவருப்பாக இருந்தது. பொட்டலத்தை அவன் கையில் திணித்து, படிக்கட்டைக் காட்டினார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்த பிறகும் வெல்லப் பிசுக்கு போகாத மாதிரியே இருந்தது.

அதே எரிச்சலோடு பதினேழாம் நம்பர் முன்னால் போய் நின்றார். மழை பெய்து ஓய்ந்த கரிசல் காடு. ஒரு பெண் ஒற்றைக் காலைத் தூக்கி, பாதத்தில் அப்பியிருக்கும் மண்ணைக் குச்சியால் வழித்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த அடி வைத்தால் மறுபடியும் அப்பிக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியும், அது முகத்திலேயே இருந்தது.

காலையில் முதல் சுற்றிலேயே, இதற்குத்தான் முதல் பரிசு என்று அவர் மனசுக்குள் முடிவு கட்டியிருந்தார். அதனால் கோபம் இன்னும் கூடியது. இவ்வளவு நல்ல படத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டுவிட்டானே பாவி என்று பல்லைக் கடித்துக்கொண்டு, பட்டியலில் பதினேழின்மேல் சிவப்பு மையால் கோடு கிழித்தார்.

நூலகர் ஜெயஷீலா அதைப் பார்த்துப் பதறிப்போனார். விஜி இரண்டு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வருவதையும், ஓவியப் புத்தகங்களை ஒவ்வொன்றாக மடியில் வைத்துப் பார்த்துப் பார்த்து வரைவதையும் சொன்னார். பிளஸ் டூ முடித்தாயிற்று, இந்தப் பரிசைத்தான் மலைபோல நம்பியிருக்கிறாள் என்றார்.

"அப்பன் செஞ்சதுக்குப் பிள்ள என்ன சார் பண்ணும்? இதையும் விட்டா அவளுக்கு வேற வழியே இல்ல."

செலஸ்டின் ஒரு நிமிஷம் தயங்கத்தான் செய்தார். ஆனால் இன்றைக்கு இளகிவிட்டால், அடுத்த வருஷம் ஆளுக்கொரு பொட்டலத்தோடு வரிசையில் வந்து நிற்பார்கள். கழித்தது கழித்ததுதான் என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார்.

சாயங்காலம் முடிவு அறிவித்தார்கள். முதல் பரிசு நாலாம் நம்பருக்கு. தோகை விரித்த மயில், காலண்டரில் பார்த்து வரைந்த சுமாரான மயில். பரிசு கொடுத்த செலஸ்டினுக்கே அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

கடைசி வரிசையிலிருந்து ஒல்லியாக ஒரு பெண் எழுந்து வந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பதினேழாம் நம்பர் படத்தை ஆணியிலிருந்து கழற்றி, துப்பட்டாவால் ஒரு தரம் துடைத்து, எடுத்துக்கொண்டு போனாள். செலஸ்டின் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாயெல்லாம் கசந்தது. அதற்கும் சேர்த்து அந்த அப்பன்காரனையே மனசுக்குள் திட்டித் தீர்த்தார்.

கீழே இறங்கினால் வாசலில் பேச்சிராஜா நின்றுகொண்டிருந்தான். சண்டைக்குத்தான் நிற்கிறான் என்று செலஸ்டின் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போனார். அவனோ குனிந்து கும்பிட்டான்.

"ரொம்ப நன்றி சார். ஆவணியில விஜிக்குக் கல்யாணம் பேசி முடிச்சிருக்கேன். பரிசு கெடைச்சா மெட்ராசுக்குப் போயிருவேன்னு ஒத்தக்கால்ல நின்னா. அவ அம்மையும் அவ பக்கந்தான். இனிமே ரெண்டு பேரும் வாயத் தொறக்க மாட்டாளுவ."

செலஸ்டினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்படியென்றால் எதற்காக வந்து பரிசு கேட்டுக் கெஞ்சினாய் என்று கேட்டார்.

பேச்சிராஜா சிரித்தான்.

"நான் கேட்டாத்தான சார் நீங்க குடுக்க மாட்டீய."