கழிக்காத லீவு

தென்காசி அச்சாபீஸில் சொரிமுத்துவுக்கு அன்றுதான் கடைசி நாள். முதலாளி காந்திமதிநாதன் கணக்கை முடித்துப் பணத்தைக் கையில் கொடுத்தார்.

"வேலையை விட்டு நிக்கவனுக்கு, இந்த வருசம் உழைச்ச மாசத்துக்குத் தக்கபடி எடுக்காத லீவுக்குச் சம்பளம் உண்டுலே. அதையும் சேத்திருக்கேன்."

"நான்தான் ஆடி மாசமே லீவு எடுத்துட்டேனே, அண்ணாச்சி."

"தாயைப் பறிகொடுத்துட்டுப் போன லீவுல்லா அது. அதைப் போயி கழிப்பனா?"

சொரிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். பணத்தைத் திருப்பிக் கொடுக்கக் கை நீண்டது. துக்கத்தில் கலங்குகிறான் என்று நினைத்த முதலாளி, தோளைத் தட்டி அனுப்பிவைத்தார்.

தலை நிமிராமல் வெளியே வந்தான். தெருமுனையில் காத்து நின்ற அம்மா, அவன் முகத்தைப் பார்த்துப் பதறினாள்.

"என்னலே இப்படி இருக்கே? என்னையக் குத்தாலத்துக்குக் குளிக்கக் கூட்டிட்டுப் போனியே, அந்த லீவைக் கழிச்சுட்டாவளா?"