நெஞ்சோடு அணைத்த பந்து

அமெரிக்காவிலிருக்கும் றாஸிக்கின் மகன் தொற்றவைத்த பைத்தியம் அது. சாய்ந்தமருதுத் தேநீர்க்கடையில் அவரும் நண்பர் ஆதம்பாவாவும் போனில் அமெரிக்கன் புட்போல் பார்த்தார்கள். பந்தை எறியவேண்டிய புது ஆட்டக்காரன், அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினான்.

“என்ன ஓட்டம்! இவன் பெரிய ஆளா வருவான், மச்சான்,” என்றார் றாஸிக்.

“பயந்து ஓடுறவன் உருப்படமாட்டான்,” என்றார் ஆதம்பாவா. “கையில இரிக்கிறது பந்துதானாண்டு பாத்தானா?”

“பந்தில்லாம வேறென்ன இரிக்கும்?” றாஸிக் சிரித்தார்.

ஆதம்பாவா சிரிக்கவில்லை. சுனாமியன்று அவரும், மகள் தூங்கும் சேலை ஏணைத் தொட்டிலை அப்படியே அவிழ்த்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வயல்வரை ஓடினார். அங்கே விரித்துப் பார்த்தபோது தலையணை மட்டும் இருந்தது.

மகளைக் குளிப்பாட்டவென்று மனைவி முன்னமே கடற்பக்கக் கிணற்றடிக்குத் தூக்கிப்போயிருந்தாள்.