நாற்பத்தோராவது படிவம்

"'இன்ஃபர்மேட்டிவ்' முன் பெஞ்சிலேயே தீர்ந்து போச்சு. எனக்கு வேற ஒண்ணு கொடுங்க டீச்சர்" என்று சந்திரம்மா படிவத்தை நீட்டினாள்.

கண்ணகி யோசிக்கவே இல்லை. "இன்ஸ்ட்ரக்டிவ்னு போடுங்க. முன்னாடி ஒரு 'வெரி' சேர்த்துக்கோங்க."

படாளம் பள்ளிக்கூடத்தில் மூன்று சனிக்கிழமைகளாக நடந்த கணக்குப் பயிற்சி அன்றோடு முடிந்தது. வந்திருந்த ஆசிரியர்கள் நாற்பத்தோரு பேர். பயிற்சி எப்படி இருந்தது என்று ஆளுக்கொரு படிவம் எழுதித் தர வேண்டும். பெயர் போட வேண்டியதில்லை. தமிழிலும் எழுதலாம் என்று அச்சிட்டிருந்தாலும், இங்கிலீஷில் எழுதுவதுதான் கௌரவம். எல்லோரும் ஒரே வார்த்தையை எழுதினால் காப்பியடித்த மாதிரி இருக்குமே. அதனால் எம்.ஏ. இங்கிலீஷ் படித்த கண்ணகியின் முன்னால் வரிசை நின்றது.

எஜுகேட்டிவ், என்லைட்டனிங், இல்லுமினேட்டிங் என்று அவள் அள்ளிக் கொடுத்தாள். ஏசுதாஸ் சார் மட்டும் அகராதியில் 'டைடாக்டிக்' என்று ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்.

"அது வேணாம் சார். அந்தப் பொண்ணு சும்மா உபதேசம் பண்ணிச்சுன்னு ஆயிடும்."

அந்தப் பெண் என்றால் பயிற்சி நடத்திய பிரபா. தற்காலிக வேலை. இந்தப் படிவங்களைப் பார்த்துத்தான் அடுத்த வருஷமும் உண்டா இல்லையா என்று முடிவு செய்வார்கள். அவள் வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். கண்ணகிக்கு அவள்மேல் பிரியம் உண்டு. மூன்று சனிக்கிழமையும் தான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து காலாண்டுப் பரீட்சைத் தாள் திருத்தியதற்கு, பிரபா ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை.

வேடந்தாங்கல் பக்கத்திலிருந்து வந்திருந்த வேண்டா டீச்சர் மட்டும் வரிசைக்கு வரவில்லை. கண்ணகியே கூப்பிட்டுக் கேட்டாள்.

"எனக்கு இன்னாத்துக்கு டீச்சர் அதெல்லாம்? வந்ததை எழுதிக்கினு கீறேன்."

படிவங்களை வாங்கி அடுக்கும் பொறுப்பு கண்ணகியுடையது. வேண்டாவின் படிவம் கடைசியாக வந்தது. தமிழில், இடம் போதாமல் பின்பக்கம் வரை எழுதியிருந்தாள். முதல் வரியைப் பார்த்ததுமே கண்ணகிக்குக் கோபம் வந்தது. ஒரு சின்னப் பெண்ணின் பிழைப்பில் கை வைக்க இவளுக்கு எப்படி மனசு வந்தது? சத்தம் போடாமல் படிவத்தை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதி.

நாலு மணிக்கு மேற்பார்வையாளர் ஜானகிராமன் வந்தார். பத்துப் படிவம் புரட்டுவதற்குள் முகம் கடுத்துவிட்டது.

"எல்லாம் அகராதியிலேர்ந்து இறங்கி வந்திருக்கு. இன்னது கத்துக்கிட்டேன்னு ஒருத்தர்கூட எழுதலை. யாரும் காதுல வாங்கலைன்னுதானே அர்த்தம்? இந்தப் பொண்ணை மறுபடியும் போடச் சொல்லி நான் எப்படி எழுதறது?"

கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்த பிரபாவின் கை நின்றது.

இவ்வளவு நல்ல படிவங்கள் எங்கேயும் கிடைக்காது என்று கண்ணகி எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். அவர் அதைக் காதில் வாங்காமல் வருகைப் பதிவேட்டைப் பார்த்தார்.

"நாற்பத்தோரு கையெழுத்து. படிவம் நாற்பதுதானே இருக்கு?"

வேறு வழியில்லை. கண்ணகி கைப்பையைத் திறந்தாள். அவர் வாங்கிப் பிரித்து, உரக்கவே படித்தார்.

"மூன்று சனிக்கிழமையும் எனக்கு அவமானமாக இருந்தது."

கண்ணகி தலையைக் குனிந்துகொண்டாள். அவர் நிறுத்தவில்லை.

"மூன்றைவிட நான்கு பெரியதாச்சே, அப்புறம் மூன்றில் ஒன்றைவிட நான்கில் ஒன்று எப்படிச் சின்னதாகும் என்று என் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். அதிகப்பிரசங்கி என்று சொல்லி வெளியே நிறுத்தினேன். உண்மையில் எனக்கே தெரியாது. பிரபா டீச்சர் ஒரு காகிதத்தை மடித்துக் காட்டினார், புரிந்தது. பத்தொன்பது வருஷமாகப் புரியாமலே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். போன திங்கட்கிழமை அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், நீ கேட்டது சரிதான் என்று சொல்லிவிட்டு வந்தேன்."

ஜானகிராமன் அந்தப் படிவத்தை அடுக்கின் மேலே வைத்தார். பிறகு பேனாவைத் திறந்து, பிரபா அடுத்த வருஷமும் தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இதைப் போய் ஏன் டீச்சர் பைக்குள்ள வச்சிருந்தீங்க?"

"முதல் வரிதான் சார் படிச்சேன்" என்றாள் கண்ணகி.