பிளக்காத ஹெல்மெட்

“தலை பிளந்திருக்கு, ஹெல்மெட்டு பிளக்காம இருந்தா எவன் நம்புவான்? போடலன்னு தெரிஞ்சா இன்சூரன்ஸ்காரன் நஷ்ட ஈட்டுல கையை வச்சிருவாம்மா. உடைச்சுக் குடுங்க,” என்றார் வக்கீல் குமாஸ்தா. கட்டிலில் கிடந்த சகாயராஜ், உடை என்று மனைவி ஜெசிந்தாவுக்குக் கண்ணைக் காட்டினான். போட்டால் முடி கொட்டும் என்று ஹெல்மெட்டை பைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டே திரிந்த மகராசன் அவன். போலீஸைக் கண்டால் மட்டும் எடுத்துக் கவிழ்த்துக்கொள்வான். லாரியில் மோதிய அன்றும் அது கண்ணாடியில்தான் தொங்கியது. தெறித்து வயல் சேற்றில் விழுந்து, சேதமில்லாமல் வீடு வந்து சேர்ந்தது. அவன் முடியை மட்டும் ஆஸ்பத்திரியில் ஒட்டச் சிரைத்துவிட்டார்கள். தையல் ஓடிய இடத்தில் இனி முளைக்காதாம்.

ஜெசிந்தா ஹெல்மெட்டை வாசல்படியில் ஓங்கி அறைந்தாள். துள்ளி உருண்டது. அம்மிக்குழவியைத் தூக்கிப் போட்டாள். குழவிதான் வழுக்கிக்கொண்டு ஓடியது. குமாஸ்தா வேட்டியை மடித்துக் கட்டி, சுவரில் மோது மோதென்று மோதினார். காரை உதிர்ந்தது.

“சனியன், என்ன செஞ்சாலும் உடைய மாட்டேங்குதே,” என்று மூச்சு வாங்கினார்.

ஜெசிந்தா அதை அவரிடமிருந்து பிடுங்கி, முந்தானையால் துடைத்து, கணவனின் தலைமாட்டில் வைத்தாள்.

“இனிப் போட்டுக்கிடுங்க. கொட்டுறதுக்குத்தான் முடி இல்லல்லா.”