படியில் வைத்த பீரோ

அவனுக்குக் கழுத்து வலித்தது. போன மாதத்திலிருந்தே அப்படித்தான். பக்கத்தில் நிற்பவனைப் பார்க்க வேண்டுமென்றாலும் உடம்போடு திரும்ப வேண்டும்.

இப்போது அதற்கும் வழியில்லை. மூன்றாவது மாடியிலிருந்து இறங்கும் மரப் பீரோவின் கீழ்முனை அவன் தோளில் இருந்தது. மேல்முனையை மாமனார் பிடித்திருந்தார்.

வீட்டுச் சாமான்களை இடம் மாற்றிக்கொடுக்கும் வேலை. மாமனார்தான் கூட்டத்துக்குத் தலை. இவனுக்கு அங்கே பட்டாசு என்று பேர். கைக்கு முன்னால் வாய் வெடிக்கும்.

படி வளைகிற இடம் வந்தது.

"படுத்தவாக்குலயே திருப்பு மாப்ளே," என்றார் மாமனார்.

திரும்பாது. சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு ஆட்டுக்குட்டி திரும்பக்கூட இடம் காணாது. கீழே வைத்து, நிமிர்த்தி, அப்புறம்தான் திருப்ப முடியும்.

ஆனால் மாமனாருக்கு ஒரு சட்டம் உண்டு. எடுத்த பாரத்தைப் படியில் வைக்கக் கூடாது. வைத்தவன் தோற்றவன். படியில் வைக்காதவர் என்ற பேரை வைத்துத்தான் இத்தனை வருஷம் சோறு தின்றிருக்கிறார்.

மேலே வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே வண்டிக்காரர்கள் இரண்டு பேர் அண்ணாந்து நின்றார்கள்.

'கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினான்.

அதைவிட மோசமான ஒன்று வந்தது. அதையும் விழுங்கினான்.

காலையில் கழுத்துக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது மனைவி சொல்லியிருந்தாள்: "எங்கப்பாவ எதிர்த்துப் பேசுங்க, யாரு வேண்டாங்கறா. ஆனா அந்த மனுசன் திரும்பி வர ஒரு வழிய விட்டுட்டுப் பேசுங்க. மூலையில மாட்டுன மாடு முட்டத்தான் செய்யும்."

மேலிருந்து தள்ளத் தொடங்கினார் மாமனார். பீரோவின் விளிம்பு தோளை அறுத்தது.

"மாமா," என்றான். குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "போன தடவ இதே மாதிரி இடத்துல, கீழ வச்சு நிமித்தித் திருப்பலாம்னு நீங்கதான சொன்னீங்க? இங்கயும் அப்படிச் செய்யலாமான்னு தோணுது. நீங்க ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க."

தள்ளுவது நின்றது.

மாமனார் சுவரையும் கைப்பிடியையும் மாறிமாறிப் பார்த்தார். தோளில் பாரம் இருப்பவனுக்கு நாலு மூச்சுகூட வெகுநேரம்தான்.

"ம். வை."

வைத்தார்கள். நிமிர்த்தினார்கள். சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளைபோலப் பீரோ திரும்பிக்கொண்டது.

வண்டியில் ஏற்றி முடித்ததும் வண்டிக்காரன் ஒருவன் சிரித்தான். "என்ன பட்டாசு, இன்னிக்கு நமுத்துப்போச்சா?"

மாமனார் சிரிக்கவில்லை. மருமகனின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன தடவ அதச் சொன்னது நான் இல்லையே," என்றார், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

அவர் இல்லைதான். சொன்னவன் இவன். தெருவே கேட்கும்படி, 'அறிவுகெட்ட மனுசா, கீழ வைய்யா' என்று கத்திச் சொன்னான். அப்படிச் சொன்னதற்காகவே அவர் வைக்கவில்லை. வீம்புக்குத் தள்ளினார். அன்றைக்குத் தூக்கிய பீரோ வழுக்கிக்கொண்டு வந்து இவன் கழுத்தில் இறங்கியது.

மாமனார் தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார்.

"அடுத்து கட்டில். கீழ்முனைய நான் பிடிக்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

கத்தியதற்கு இவன் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டுவிட்டான். தள்ளியதற்கு அவர் கேட்க வேண்டியது இன்னும் பாக்கி.