காணாமல் போன நிலா

இருட்டியதும் மொட்டை மாடியில் வாகினியின் பழைய கேமராவும் அதைத் தாங்கிய ட்ரைபாடும் வியாழனைப் படம் பிடித்தன. படத்தில் பெரிய கோளின் பக்கத்தில் மூன்று நிலாக்களே விழுந்திருந்தன.

"நாலு தெரியணுமே! இனிமே புதுசுதான் வாங்கணும்" என்று சலித்துக்கொண்டு அவள் சாப்பிடப் போனாள்.

இரண்டுக்கும் பகீரென்றது.

"நீ காலை ஆட்டினே, ஒண்ணு போச்சு" என்றது கேமரா.

"உன் கண்ணுல புரை. என்னைச் சொல்ல வந்துட்டே!" என்று சீறியது ட்ரைபாட்.

வாகினி திரும்பி வந்து மறுபடி எடுத்தாள். வியாழனுக்குப் பின்னால் மறைந்திருந்த நிலா அதற்குள் வெளியே வந்திருந்தது.

"அட, நாலும் இருக்கு! இதுவே போதும்" என்று குதித்தாள்.

கேமரா நிமிர்ந்தது. "எப்படிப் பிடிச்சேன், பார்த்தியா?"

"பிடிச்சோம்னு சொல்லு" என்றது ட்ரைபாட்.